காலநிலை மாதிரியில் ஈர்ப்பலைகள்: உந்தக் கணக்கு தப்பாமல் ஒரு அலைத்திட்டம் எழுதுவது

காலநிலை மாதிரியின் கிரிட் பெட்டி (வளிமண்டலத்தைப் பிரித்த கணக்கீட்டுக் கட்டம்) 100 கிமீ அகலம் என்றால், அது ஒழுங்காகக் காட்டக்கூடிய மிகச் சிறிய அலை 600 முதல் 800 கிமீ நீளம் இருக்கும். அலையின் வடிவம் சிதையாமல் இருக்க ஆறிலிருந்து எட்டுப் பெட்டிகளாவது வேண்டும். மலையைத் தாண்டும் காற்றும், இடிமேகங்களும், ஜெட் காற்றோட்டத்தின் வளைவுகளும் கிளப்பும் ஈர்ப்பலைகளோ பத்து கிமீ தொடங்கி ஆயிரம் கிமீ வரை நீள்பவை. பெரும்பங்கு பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடுவதால் மாதிரியின் கண்ணில் படுவதில்லை.

மேலே தள்ளப்பட்ட காற்றை எடை கீழே இழுக்கிறது, கீழே போனதை மிதப்பு மேலே தூக்குகிறது. இந்த ஊசலாட்டம் உயரே பரவி, உடையும் இடத்தில் தான் சுமந்துவந்த உந்தத்தைக் காற்றிடம் இறக்கிவிடுகிறது. அந்த உந்தத்தைச் சேர்க்காத மாதிரிகளில் குறைகள் பளிச்சென்று தெரியும். நிலநடுக்கோட்டு அடுக்குமண்டலத்தில் ஏறத்தாழ 28 மாதச் சுழற்சியில் திசை மாறும் காற்று (கியூபிஓ) பெரும்பாலும் தோன்றாது. தென் துருவத்தின் குளிர்கால அடுக்குமண்டலம் அளவுமீறிக் குளிர்ந்து, வசந்தத்தில் துருவச் சுழல்காற்று கலைவது தள்ளிப்போகும். 80 கிமீக்கு மேல் கோடைத் துருவம்தான் குளிர்காலத் துருவத்தைவிடக் குளிரானது என்ற உண்மை வராது.

விடுபட்ட உந்தத்தை, திட்டம் எனப்படும் நிரல் பகுதியாக எழுதிச் சேர்க்கும் வேலை இது. ஒற்றைத் தூணில் (ஒரே இடத்தின் மேல் அடுக்கப்பட்ட காற்று அடுக்குகளில்) தொடங்கி முழு மாதிரி வரை போகப்போகிறோம். வழிநெடுக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருங்கள்: கீழே ஏற்றிய உந்தம் எங்கே இறங்கியது? இந்தத் திட்டங்களில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாத ஏதோ ஒரு வரியில்தான் ஒளிந்திருக்கும்.

முதலில் ஒரு தூண்

முழு மாதிரியைத் திறக்கும் முன், பைத்தானில் நூறு வரிக்குள் கியூபிஓ தூண் ஒன்றை எழுதிவிடுங்கள். ஹோல்டனும் லிண்ட்சனும் 1972-இல் முன்வைத்த கியூபிஓ விளக்கத்தை பிளம்ப் 1977-இல் எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டே அலைகளாகச் சுருக்கினார். பழக அதுவே போதும்.

17 கிமீ முதல் 35 கிமீ வரை, 250 மீட்டர் தடிமனில் 72 அடுக்குகள். காற்றின் வேகம் அடுக்கின் நடுவில் இருக்கும். உந்தப் பாய்வு (ஒரு சதுர மீட்டர் வழியே நொடிக்கு மேலேறும் உந்தம்) அடுக்குகளின் எல்லைகளில் இருக்கும், ஆக 73 எல்லைகள். இந்தப் பிரிப்பைத் தொடக்கத்திலேயே செய்யுங்கள். இரண்டையும் ஒரே புள்ளியில் வைத்து நடுவேறுபாடு எடுத்தால், வரைபடம் பார்க்க நன்றாகவே இருக்கும். உந்தம் மட்டும் அடுக்குக்கு அடுக்கு சிறிது சிறிதாகக் கசியும்.

முடுக்கம் = (கீழ் எல்லைப் பாய்வு − மேல் எல்லைப் பாய்வு) ÷ (அடர்த்தி × தடிமன்) + பரவல்

அடர்த்தி 17 கிமீயில் கன மீட்டருக்கு 0.16 கிலோ, மேலே போகப்போக 7 கிமீ அளவு உயரத்தோடு (அவ்வளவு ஏறினால் 2.7 மடங்கு குறையும்படி) அடுக்குக்குறியாகக் குறையட்டும். பரவல் கெழு நொடிக்கு 0.3 சதுர மீட்டர். அடியில் காற்று பூச்சியம். உச்சியில் சரிவு பூச்சியம்.

ஒவ்வொரு அலையும் மேலே போகும்போது வெப்பக் கதிர்வீச்சால் தேய்கிறது:

தேய்வு வீதம் = நிலைப்பு அதிர்வெண் × தணிப்பு வீதம் ÷ (அலையெண் × (அலைவேகம் − காற்று)²)

நிலைப்பு அதிர்வெண் என்பது ப்ரன்ட்–வைசாலா அதிர்வெண், அதாவது நகர்த்தப்பட்ட காற்று மேலும் கீழும் ஊசலாடும் வேகம். அடிவளிமண்டலத்தில் நொடிக்கு சுமார் 0.01, அடுக்குமண்டலத்தில் சுமார் 0.02. இங்கே 0.0216 என்று வையுங்கள். அலைவேகம் நிலத்தைப் பொறுத்து ±32 மீ/வி. அலைநீளம் பூமியின் சுற்றளவான 40,000 கிமீ (அலையெண் என்பது 2π ÷ அலைநீளம்). இது ஈர்ப்பலைக்குரிய நீளமே அல்ல. ஆனால் தேய்ந்து உந்தத்தை இறக்கும் வழி ஒன்றுதான் என்பதால் பழகுவதற்குப் பொருந்தும். தணிப்பு 17 கிமீயில் 21 நாளுக்கு ஒன்று. 30 கிமீயில் 7 நாளுக்கு ஒன்று. இடையில் நேர்கோட்டில் ஏறட்டும், அதற்கு மேல் மாறாதிருக்கட்டும்.

இந்த எண்களைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. காற்று அசையாதபோது 17 கிமீயில் அலை தேயும் தூரம் சுமார் 13.5 கிமீ. காற்று 22 மீ/வி வரை ஏறி இடைவெளி 10 மீ/வி ஆகிவிட்டால் அதே தூரம் 1.3 கிமீயாகச் சுருங்குகிறது. கியூபிஓவின் உயிர் இந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. காற்று எங்கே அலைவேகத்தை நெருங்குகிறதோ அதற்குச் சற்றுக் கீழே உந்தம் குவிகிறது. அங்கே காற்று வலுக்க, குவியும் இடம் இன்னும் கீழே இறங்குகிறது. 250 மீட்டர் தடிமன் கேட்பதற்கும் இதுவே காரணம். 1 கிமீ அடுக்குகளில் இந்தக் குவிப்பு ஒரே அடுக்குக்குள் விழுந்து, இறக்கம் நின்றுவிடும்.

எவ்வளவு பாய்வு ஏற்ற வேண்டும்? ஊகிக்க வேண்டியதில்லை. 20 முதல் 35 கிமீ வரை உள்ள காற்றின் நிறை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 640 கிலோ. கிழக்குக் காற்றிலிருந்து மேற்குக் காற்றுக்கு 40 மீ/வி மாற்றம், அரைச் சுழற்சியான 14 மாதத்தில், அதாவது சுமார் 3 கோடியே 70 லட்சம் நொடியில். பெருக்கி வகுத்தால் 0.7 மில்லிபாஸ்கல். ஆகவே ஒவ்வொரு அலைக்கும் 0.6 மில்லிபாஸ்கலில் தொடங்கலாம். பாய்வை இருமடங்காக்கினால் சுழற்சிக் காலம் ஏறத்தாழப் பாதியாகும். டியூனிங் செய்ய இந்த ஒரு திருகு போதும்.

காலப்படி 1 நாள் வைத்தால் பரவலின் நிலைப்பு எண் (கெழு × காலப்படி ÷ தடிமன்²) 0.41 வருகிறது, வரம்பு 0.5. தாங்கும், ஆனால் மயிரிழையில். தடிமனை 125 மீட்டராகக் குறைத்த உடனே அது 1.66 ஆகி, சில படிகளில் காற்று பல்பல்லாக வெடிக்கும். பரவலை மட்டும் உள்ளார்ந்த முறையில் (அடுத்த படியின் மதிப்புகளையே அறியாதவையாக வைத்து), மூன்று மூலைவிட்ட அணியாகத் தீர்த்துவிட்டால் இந்தத் தொல்லை நிரந்தரமாக ஒழியும்.

இனி உடையும் இடங்கள். காற்று எங்கும் பூச்சியம், இரு அலைகளும் சம வலிமை என்று தொடங்கினால் எதுவும் நடக்காது. இரண்டும் ஒன்றையொன்று சரியாக ரத்துசெய்துகொண்டு நிற்கும். நடு உயரத்தில் 1 அல்லது 2 மீ/வி அளவில் ஒரு சிறு புடைப்பு கொடுங்கள். அப்படியும் அலைவு வராமல் காற்று நிலைத்துவிட்டால் பாய்வு குறைவு, அல்லது பரவல் அதிகம். பரவலைப் பூச்சியமாக்கினாலும் வேலை நடக்காது: இறங்கிவந்த காற்றோட்டம் அடியில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு கலையவே கலையாது. அதைக் கரைத்து, எதிர்த்திசை அலைக்குக் கதவு திறப்பது பரவல்தான்.

எல்லாவற்றிலும் ஆபத்தான இடம் தேய்வு வாய்ப்பாட்டில் உள்ள அந்த இருபடி. காற்று ஒரு படியில் 31-லிருந்து 33 மீ/விக்குத் தாவிவிட்டால், (அலைவேகம் − காற்று) குறி மாறிவிட்டது என்பது வாய்ப்பாட்டுக்குத் தெரியாது. கிழக்கு நோக்கிய அலை தன்னைவிட வேகமாக ஓடும் காற்றையும் கிழக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். வேகம் எல்லையின்றி ஏறும். ஒவ்வொரு எல்லையிலும் குறியைச் சோதித்து, மாறிய இடத்திலிருந்து மேலே அந்த அலையின் பாய்வை முழுதாகப் பூச்சியமாக்குங்கள். எஞ்சியிருந்த பாய்வு அந்த எல்லைக்குக் கீழுள்ள அடுக்கில் தானாகவே இறங்கும், ஏனெனில் முடுக்கம் பாய்வுகளின் வித்தியாசத்திலிருந்து வருகிறது. பூச்சியத்தால் வகுப்பதைத் தவிர்க்க இடைவெளிக்கு 0.5 மீ/வி போலக் குறைந்தபட்ச அளவு வைக்கலாம். ஆனால் அதைக் குறிச் சோதனைக்கு மாற்றாக வைக்கக்கூடாது.

பரவலை அணைத்துவிட்டு ஒரு சோதனை: எல்லா அடுக்குகளிலும் (அடர்த்தி × தடிமன் × வேக மாற்றம்) கூட்டித் தொகையை எடுங்கள். அது (அடிப் பாய்வு − உச்சிப் பாய்வு) × காலப்படிக்குச் சமமாக இருக்க வேண்டும். இரட்டைத் துல்லியத்தில் 12 இலக்கமாவது ஒத்துப்போகும். ஒரு சதவீதம் தள்ளினால் அது வட்டமிடல் பிழை அல்ல. எல்லை அடர்த்தியையும் அடுக்கு அடர்த்தியையும் எங்கோ மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

இது சரியானதும் வெப்பமண்டல மேலெழுச்சியைச் சேருங்கள். நொடிக்கு 0.3 மில்லிமீட்டர் என்பது அற்பமாகத் தெரியும். மாதத்துக்கு அது 780 மீட்டர். கியூபிஓ மாதத்துக்கு ஏறத்தாழ 1 கிமீ இறங்குவதால், அலைகள் உண்மையில் 1.8 கிமீ வேகத்துக்கு உழைக்க வேண்டியிருக்கிறது. தேவைப்படும் பாய்வு ஏறத்தாழ இருமடங்காகிவிடும். காற்றோட்டத் திசை பார்த்து எடுக்கும் முதல்வரிசை முறையில் எழுதினால், அதுவே சிறிது செயற்கைப் பரவலைக் கொண்டுவரும்: 250 மீட்டரில் 0.04 சதுர மீட்டர்/நொடிக்குச் சற்றுக் குறைவு, 1 கிமீயில் 0.15. இரண்டாவது எண், நீங்கள் வேண்டுமென்றே வைத்த 0.3-இல் பாதி.

அலைகள் உடைவது

உண்மையான ஈர்ப்பலைகள் வெப்பத் தணிப்பால் மெல்லத் தேய்வதைவிட, வீச்சு பெருத்து உடைவதே முக்கியம். அடர்த்தி குறைய, பாய்வு மாறாமலிருக்க வேண்டுமென்றால் வீச்சு ஏற வேண்டும்: 14 கிமீக்கு ஒருமுறை 2.7 மடங்கு. அலையின் காற்றசைவு, அலைவேகத்துக்கும் பின்புலக் காற்றுக்கும் உள்ள இடைவெளியை எட்டும்போது அடுக்குகள் கவிழ்ந்து கலக்கின்றன. லிண்ட்சன் 1981-இல் இதை ஒரு வரம்பாக எழுதினார்:

பாய்வு வரம்பு = அடர்த்தி × அலையெண் × |அலைவேகம் − காற்று|³ ÷ (2 × நிலைப்பு அதிர்வெண்)

ஒவ்வொரு எல்லையிலும் கீழிருந்து வரும் பாய்வை இந்த வரம்போடு ஒப்பிடுங்கள். மிஞ்சினால் வரம்பு வரை வெட்டுங்கள். வெட்டிய பங்கு அந்த அடுக்கில் இறங்குகிறது. மையக் கருத்து அவ்வளவுதான். சிக்கல் எல்லாம் எண்களில்.

100 கிமீ அலைநீளம், 20 மீ/வி இடைவெளி, 1 மில்லிபாஸ்கல் பாய்வு எடுங்கள். 30 கிமீயில் அடர்த்தி 0.0184, வரம்பு 230 மில்லிபாஸ்கல் வருகிறது. அலைக்கு எந்தத் தடையும் இல்லை. 70 கிமீயில் அடர்த்தி 0.00008, வரம்பு 1 மில்லிபாஸ்கல். அங்கேதான் உடையும். 30 கிமீயிலேயே உடைய வேண்டுமென்றால் காற்று அலைவேகத்துக்கு 3.3 மீ/வி அருகில் வர வேண்டும். அதாவது கியூபிஓ பகுதியில் இந்த அலை, காற்று தன்னைப் பிடிக்கும்வரை எதையும் தராமல் போய், கடைசி நொடியில் எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் கொட்டும்.

இயற்கையில் அப்படி நடப்பதில்லை. காரணம், அந்த 1 மில்லிபாஸ்கல் ஒரு சராசரி. அண்டார்க்டிகா மேல் 2005-இல் பறந்த வோர்கோர் பலூன்களும் பின்னர் வெப்பமண்டலத்தில் பறந்த ஸ்ட்ராடியோல்-2 பலூன்களும் காட்டியது ஒன்றுதான்: நேரத்தில் சிறு பங்கே நீடிக்கும் பெரிய அலைக்கூட்டங்கள் பாய்வில் பெரும்பங்கைச் சுமக்கின்றன. நூற்றில் ஒரு பங்கு நேரம்தான் அலை இருக்கிறது என்றால், இருக்கும் நேரத்தில் அதன் பாய்வு 100 மில்லிபாஸ்கல். இப்போது 30 கிமீயில் 15 மீ/வி இடைவெளியிலேயே உடையத் தொடங்கும். 20 மீ/வி இடைவெளியில் உடையும் உயரம் 70 கிமீயிலிருந்து 35 கிமீ பக்கம் இறங்கிவிடும். ஒரே சராசரிப் பாய்வு, விளைவு முற்றிலும் வேறு. உடைவுச் சோதனையை நிகழ்வின் பாய்வை வைத்துச் செய்து, முடுக்கத்தை மட்டும் விட்டுவிட்டுவரும் பங்கால் பெருக்க வேண்டும். சராசரிப் பாய்வை வைத்துச் சோதித்துவிட்டு மீண்டும் அந்தப் பங்கால் பெருக்கினால், உந்தத்தில் நூறில் தொண்ணூற்றொன்பது பங்கு காணாமல் போகும். பார்த்த உடனே புலப்படாத பிழை இது: மாதிரி ஓடும், எதுவும் வெடிக்காது, கியூபிஓ மட்டும் வராது.

இனி ஒற்றை அலையிலிருந்து அலைத்தொகுப்புக்கு. அலைவேகம் −80 முதல் +80 மீ/வி வரை, 2 அல்லது 2.5 மீ/வி படியில். 30 முதல் 40 மீ/வி அகலத்தில் மணிவடிவப் பகிர்வு. நான்கு அல்லது எட்டுத் திசைகள். அலெக்சாண்டரும் டங்கர்டனும் 1999-இல் தந்த முறை, ஒவ்வொரு அலையும் உடையும் ஒரே உயரத்தில் தன் பாய்வு முழுவதையும் இறக்கிவிடுகிறது என்று எளிமையாக்கியது. எழுதுவதற்கு அதுவே இலகு. ஸ்கினோக்கா 2003-இல் தந்த திட்டம் பாய்வை வரம்புவரை மட்டும் வெட்டிக்கொண்டே மேலே கொண்டுசெல்கிறது. ஐரோப்பிய மத்தியகால வானிலை முன்கணிப்பு மையத்தின் மாதிரியில் இடம்பெற்ற வடிவம் இதன் வழிவந்தது: காற்றழுத்தம் 450 ஹெக்டோபாஸ்கல் உள்ள உயரத்தில், நான்கு திசைகளிலும் திசைக்கு 3.75 மில்லிபாஸ்கல்.

திசை விஷயத்தில் கவனம் வேண்டும். நான்கு திசை என்றால் காற்றை அந்தந்தத் திசையில் நிழலிட்டு (காற்று × கோணத்தின் கொசைன்) எல்லாக் கணக்கையும் அந்த நிழல் வேகத்தில் செய்யவேண்டும். முடுக்கம் வந்தபின்தான் கிழக்கு, வடக்கு எனப் பிரிக்க வேண்டும். அலைவேகம் நிலத்தைப் பொறுத்ததா, ஏவும் உயரத்துக் (அலையைத் தொடங்கிவிடும் உயரத்துக்) காற்றைப் பொறுத்ததா என்பதையும் முதலிலேயே முடிவு செய்து நிரலின் தலையில் எழுதிவையுங்கள். இரண்டு கட்டுரைகளிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து ஒட்டும்போது இது கலந்துவிடும். அப்போது ஏவும் உயரத்திலேயே நிகரப் பாய்வு பூச்சியமாக இராது. ஜெட் காற்று வலுவான இடங்களில் காரணமில்லாத இழுவை தெரியும். எல்லாத் திசைப் பாய்வுகளின் திசையன் கூட்டல் ஏவும் எல்லையில் பூச்சியமா என்று ஒவ்வொரு முறையும் அச்சிடும் ஒரு வரி, பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

உச்சியில் என்ன செய்வது

1 மில்லிபாஸ்கல் 30 கிமீயில் 5 கிமீ தடிமனில் இறங்கினால் முடுக்கம் நாளுக்கு 0.9 மீ/வி. அதே பாய்வு 70 கிமீயில் அதே தடிமனில் இறங்கினால் நாளுக்கு 216 மீ/வி. 30 நிமிடக் காலப்படியில் அது 4.5 மீ/வி, தாங்கலாம். 1 கிமீ அடுக்கு ஒன்றில் முழுதும் விழுந்தால் ஒரு படிக்கு 22 மீ/வி, மாதிரி கவிழ்ந்துவிடும்.

அதனால் எல்லோரும் முடுக்கத்துக்கு ஓர் உச்சவரம்பு வைக்கிறார்கள். தவறில்லை, ஆனால் வெட்டிய உந்தத்தை வீசியெறியக் கூடாது. முடுக்கத்தை நேரடியாக வெட்டாமல், அந்த அடுக்கின் மேல் எல்லைப் பாய்வை உயர்த்தி எழுதுங்கள்: அனுமதிக்கப்பட்ட முடுக்கத்துக்குரிய பங்கு மட்டும் இங்கே இறங்கட்டும், மீதி மேலே போகட்டும், அடுத்த அடுக்கு பார்த்துக்கொள்ளும்.

மாதிரியின் கூரையிலும் இதே விதி. உச்சி எல்லையைத் தாண்டிப் போகும் பாய்வை அப்படியே விட்டுவிட்டால், கூரையை 1 ஹெக்டோபாஸ்கலிலிருந்து 0.01-க்கு மாற்றும்போது கீழே 30 கிமீயில்கூட வெப்பநிலையும் காற்றும் மாறும். மேலே இறங்கும் உந்தம் கீழ்நோக்கிய சுழற்சியை இயக்குவதுதான் காரணம். ஷெப்பர்டும் ஷாவும் 2004 தொடங்கி எழுதிய கட்டுரைகளின் சாரம் இது: எஞ்சிய பாய்வைக் கூரைக்குக் கீழே இறக்கினால், கூரை எங்கே இருந்தாலும் கீழ்ப்பகுதியின் விடை பெரிதாக மாறாது. ஒரே அடுக்கில் போடாமல், மேல் மூன்று நான்கு அடுக்குகளில் நிறை விகிதத்தில் பரப்புங்கள். கூரையருகே அலைகளை உறிஞ்சும் தணிப்புப் படலம் வைத்திருந்தால், அது மண்டலச் சராசரிக் காற்றை (ஓர் அகலாங்கைச் சுற்றிலும் எடுத்த சராசரியை) இழுக்காமல் விலகல்களை மட்டும் தணிக்கட்டும். சராசரியை இழுத்தால் நீங்கள் பாடுபட்டுக் காத்த உந்தத்தை அது தின்றுவிடும்.

வெப்பத்தையும் மறக்க வேண்டாம். உந்தம் இறங்கும் இடத்தில் ஆற்றலும் இறங்குகிறது: வெப்பமேற்றம் = (அலைவேகம் − காற்று) × முடுக்கம் ÷ வெப்பக் கொள்ளளவு. 20 மீ/வி இடைவெளி, நாளுக்கு 100 மீ/வி முடுக்கம் என்றால் நாளுக்கு 2 கெல்வின். முடுக்கத்தின் குறி இடைவெளியின் குறியையே பின்பற்றுவதால் இந்தப் பெருக்கல் எப்போதும் நேர்மம். எங்காவது எதிர்மம் வந்தால் குறிப் பிழை என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

மலைகள்

மலை அலைகளுக்கு அலைவேகம் பூச்சியம். அதனால் மேற்சொன்ன நிரல் அப்படியே பயன்படும். புதிதாக வேண்டியது அடி விசை. 1 கிமீ இடைவெளித் தரை உயரத் தரவிலிருந்து, பெட்டிக்குள் உள்ள உயர விலகல், சரிவு, மேடு எவ்வளவு ஒரு திசையில் நீண்டிருக்கிறது, முகட்டின் திசை ஆகிய நான்கையும் கணக்கிடுங்கள். லாட்டும் மில்லரும் 1997-இல் தந்த வடிவம் இவற்றையே கேட்கிறது. ஏறத்தாழ 5 கிமீக்குக் குறைந்த மேடுபள்ளங்களை முதலில் வடிகட்டிவிடுங்கள். அவை மேலே பரவும் அலையைக் கிளப்புவதில்லை. அந்த இழுவை கொந்தளிப்புத் திட்டத்தின் பொறுப்பு. இரண்டிலும் சேர்த்தால் இரட்டைக் கணக்கு.

காற்று 10 மீ/வி, நிலைப்பு அதிர்வெண் 0.01 என்றால் அவற்றின் விகிதம் 1,000 மீட்டர். 2,000 மீட்டர் மலையில் மேல் ஏறத்தாழ 1,000 மீட்டரைத்தான் காற்று தாண்டும். கீழ்ப்பாதியைச் சுற்றிப் போகும். அலைக்கு வெட்டிய உயரத்தை மட்டும் கொடுங்கள். கீழ்ப்பகுதிக்குத் தனியாகத் தடுப்பு இழுவை. முழு உயரத்தையும் கொடுத்தால், விசை உயரத்தின் இருபடியைப் பொறுத்தது என்பதால் நான்கு மடங்கு தவறும். 500 மீட்டர் உயரமும் 100 கிமீ அலைநீளமும் இதே காற்றில் ஏறத்தாழ 0.9 பாஸ்கல் தருகின்றன. உங்கள் எண் பத்துப் பாஸ்கல் என்று வந்தால் இந்த வெட்டு வேலை செய்யவில்லை.

கிரிட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த நான்கு புலங்களையும் மறுபடி உருவாக்க வேண்டும். 100 கிமீ மாதிரியின் கோப்பை இடைமதிப்பிட்டு 50 கிமீ மாதிரிக்குக் கொடுத்தால், மாதிரி இப்போது தானே பார்க்கும் மலைகளுக்கு மீண்டும் ஒருமுறை இழுவை போடுகிறீர்கள்.

இன்னொன்று: "நிலப் பங்கு பாதிக்கு மேல் இருந்தால் மட்டும்" என்ற நிபந்தனையை நிரலில் தேடிப்பாருங்கள். தென் ஜார்ஜியா 54 பாகை தெற்கில், 2,900 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிகரத்தோடு, மேற்குக் காற்று உலகிலேயே வலுவாக வீசும் பட்டையில் நிற்கிறது. பெட்டியில் அதன் நிலப் பங்கு கொஞ்சம்தான் என்பதால் அந்த ஒரு நிபந்தனை அதை முழுதாக அழித்துவிடும். கெர்கலென் தீவுகளுக்கும் அதே கதி. தென் துருவச் சுழல்காற்று கலையத் தாமதமாவதில் இந்தப் பட்டையின் குறைந்த இழுவைக்குப் பங்கு உண்டு. நிபந்தனையை எடுத்துவிட்டு, உயர விலகலையே நிலப் பங்கோடு சேர்த்துக் கணக்கிடுவது சரி.

முழு மாதிரியில் இணைத்தபின்

முதலில் முழு மாதிரியிலிருந்து நூறு தூண்களின் காற்றையும் வெப்பநிலையையும் கோப்பில் எடுத்து, பைத்தான் வடிவமும் ஃபோர்ட்ரான் வடிவமும் ஒரே முடுக்கத்தைத் தருகின்றனவா என்று பாருங்கள். தூண்களைத் தேர்ந்தெடுக்கும்போது நிலநடுக்கோடு, குளிர்காலத் துருவ ஜெட், உயர்மலை, கோடை இடைமண்டலம் (அடுக்குமண்டலத்துக்கு மேலுள்ளது) நான்கும் இருக்கட்டும். அடுக்குகள் மேலிருந்து எண்ணப்படுகின்றனவா, கீழிருந்தா என்ற குழப்பம் இந்தக் கட்டத்தில்தான் பிடிபடும்.

கணக்கீட்டுச் செலவு உறுத்தினால், நூற்றுக்கணக்கான அலைகளை ஒவ்வொரு படியிலும் ஓட்ட வேண்டியதில்லை. லாட்டும் குவேயும் 2013-இல் காட்டியது போல, படிக்குச் சில அலைகளை மட்டும் தற்செயலாகத் தேர்ந்து, முடுக்கத்துக்கு ஒரு நாள் அளவு நினைவு கொடுத்தால் போதும். விட்டுவிட்டுவரும் தன்மையும் இதில் இயல்பாகவே வந்துவிடுகிறது. இந்த வழியைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம். ஒரு நிபந்தனை: தற்செயல் எண்ணின் நிலையையும் முந்தைய முடுக்கத்தையும் மீள்தொடக்கக் கோப்பில் சேமிக்க வேண்டும். பத்து நாள் ஒரே ஓட்டமும், ஐந்து நாளில் நிறுத்தித் தொடர்ந்த ஓட்டமும் கடைசி பிட் வரை ஒத்துப்போக வேண்டும்.

டியூனிங்குக்கு ஒரு வரிசை உண்டு. மலைத் திட்டம் முதலில், வடக்குக் குளிர்காலத்தின் 10 ஹெக்டோபாஸ்கல் காற்றையும் திடீர் அடுக்குமண்டல வெப்பமேற்றத்தின் எண்ணிக்கையையும் வைத்து. இயற்கையில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ ஆறு. பின்னர் வெப்பமண்டலம். சுழற்சிக் காலம் ஏவும் பாய்வுக்கும், வீச்சு அலைவேகப் பகிர்வின் அகலத்துக்கும் இணங்கும். அலைவு 50 ஹெக்டோபாஸ்கலுக்குக் கீழே இறங்க மறுத்தால் பாய்வைக் கூட்டுவது வீண். கீழ் அடுக்குமண்டலத்தில் 500 முதல் 700 மீட்டர் தடிமன் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக விட்டுவிட்டுவரும் பங்கை மாற்றி இடைமண்டலத்தைச் சரிசெய்யுங்கள். அது மற்ற எல்லாவற்றையும் சற்றே கலைக்கும், ஒருமுறை மீண்டும் சுற்றிவர வேண்டியிருக்கும். 30 ஆண்டு ஓட்டத்தில் கியூபிஓ சுழற்சி 13-தான் கிடைக்கும் என்பதால் ஐந்தாண்டு ஓட்டத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

2016 பிப்ரவரியில் மேற்குக் காற்றின் நடுவே 40 ஹெக்டோபாஸ்கல் பக்கம் கிழக்குக் காற்று முளைத்துக் கியூபிஓ குலைந்ததே, அது வடக்கிலிருந்து வந்த பெரிய ராஸ்பி அலைகள் (பூமியின் சுழற்சியால் எழும் கோள் அளவு அலைகள்) முன்னின்று செய்த வேலை. ஈர்ப்பலைத் திருகுகளால் அதை வரவழைக்க முயன்றால் மற்ற ஆண்டுகள் கெடும்.

நடு அகலாங்குகளில் ஒரு வியப்பு காத்திருக்கும்: ஈர்ப்பலை இழுவையை 30 சதவீதம் கூட்டினாலும் மொத்த இழுவை அவ்வளவாக மாறாது. மாதிரி தானே காட்டும் கோள் அலைகள் தங்கள் இழுவையைக் குறைத்து ஈடுசெய்துவிடுகின்றன. கோஹன், கெர்பர், பூலர் மூவரும் 2013-இல் இதற்கான காரணத்தை விளக்கினார்கள். திருகு வேலை செய்யவில்லை என்று எண்ணி மேலும் மேலும் திருகாதீர்கள்; இரண்டு இழுவைகளையும் தனித்தனியே வெளியீட்டில் எழுதிப் பாருங்கள்.

செயற்கைக்கோள் தரவோடு ஒப்பிடும்போது நிகரப் பாய்வை எடுக்கக் கூடாது. வளிமண்டல விளிம்பை அகச்சிவப்பில் நோக்கும் கருவிகள் பாய்வின் அளவைத்தான் தரும், திசையைத் தருவதில்லை. மாதிரியிலும் எல்லாத் திசைகளின் அளவையும் கூட்டி, அதுவும் அந்தக் கருவி காணக்கூடிய அலைநீளங்களுக்கு மட்டும் கூட்டி ஒப்பிடுங்கள்.

தூண் திட்டம் ஒன்றை மட்டும் செய்யாது: அலை பக்கவாட்டில் நகர்வது. இயற்கையில் ஆண்டிஸ் மேலும் அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் மேலும் கிளம்பும் அலைகள் துருவ ஜெட்டின் மையம் நோக்கி வளைந்து, 60 பாகை தெற்கில் உந்தத்தை இறக்குகின்றன. தூணில் அவை கிளம்பிய பெட்டியின் தலைக்கு மேலேயே, கிளம்பிய அதே காலப்படியில் முடிந்துவிடுகின்றன. தீவுகளைச் சேர்த்தபின்பும் அந்தப் பட்டையில் இழுவை போதவில்லை என்றால், மீதிக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். சிலர் அங்கே ஏவும் பாய்வை அகலாங்கைப் பொறுத்துக் கூட்டி நிரப்புகிறார்கள். செய்வதானால், ஜெட் மையத்தில் கூட்டிய பாய்வை அதன் இரு பக்கங்களிலும் அதே மொத்த அளவுக்குக் குறைத்து எழுதுங்கள். எவ்வளவு கூட்டினோம், எங்கிருந்து எடுத்தோம் என்பதைத் தனி வெளியீட்டு மாறியாகவும் வையுங்கள். அலை பக்கவாட்டில் போகும் பாதையையும் பின்தொடரும் கதிர்த்தடத் திட்டத்துக்கு மாறும் நாளில் முதலில் அணைக்க வேண்டியது அந்தத் திருத்தம்தான்.